செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஓர் எம்.பி.ஏ. ஆய்வேடு

‘ஆப்சென்டிசம்’, அதாவது வேலைக்கு வராமை, என்று தலைப்பு போட்டு வந்த எத்தனை ஆய்வேடுகளில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. கம்பெனி பெயரை மாற்றினால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். 120 பேரிடம் கேள்வித்தாள், சதவீதப் பட்டியல், ரெண்டு கை-ஸ்கொயர் (இரண்டு விஷயங்களுக்குள் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிற புள்ளியியல் சோதனை), கடைசியில் “நிர்வாகம் தொழிலாளர்களுக்கு ஊக்கம் அளிக்க வேண்டும்” என்று ஒரு பரிந்துரை. தங்க எழுத்தில் பைண்டிங் செய்து நூலகத்தின் இரும்பு பீரோவுக்குள் போனால் அதோடு சரி.

இங்கே எழுதப்போவது அந்த வரிசையிலிருந்து கொஞ்சம் விலகிப்போன ஒரு ஆய்வேட்டின் கதை. 2023 ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிந்தது. வழிகாட்டி நான். இதில் நடந்த தப்புகளில் பாதி என்னுடையவை, அதனால்தான் விவரமாக எழுத முடிகிறது. கம்பெனி, கல்லூரி, ஆட்கள் எதற்கும் பெயர் சொல்லவில்லை. வண்டி நம்பரும் ஆட்களின் எண்ணிக்கையும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டவை.

களம்

வேலூரைச் சுற்றி நிர்வாகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நான்காவது செமஸ்டர் வந்ததும் மூன்று வழிதான் தெரியும். கிழக்கே ராணிப்பேட்டைக்குப் போனால் பெல் (பி.ஹெச்.இ.எல்.) தொழிற்சாலை, சிப்காட் தொழிற்பேட்டை. ஊருக்குள்ளேயே இருந்தால் ஆஸ்பத்திரி. மேற்கே போனால் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, அதாவது தோலும் ஷூவும். இந்த ஊர்களின் தோல் தொழிலைப் பாடப்புத்தகத்தில் சந்திக்கிறவர்கள் பெரும்பாலும் 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழியாகத்தான் சந்திப்பார்கள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டு, தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்ட தீர்ப்பு. அது தோல் ஷாப்பின் கதை. ஷூ கம்பெனியின் கதை வேறு. அங்கே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டி ஏற்றிக்கொண்டு வருகிறது. அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற இடத்துக்கு ‘க்ளோசிங்’ என்று பெயர். ஒரு லைனில் நாலு பேர் வராவிட்டால் அன்றைக்கு அந்த லைனின் டார்கெட் விழும், சூப்பர்வைசரின் குரல் ஏறும்.

மாணவி குடியாத்தத்துக்காரி. அப்பா லுங்கித் தறி, அம்மா பீடி சுற்றுகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி. பி.காம். முடித்து ரெண்டு வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதிவிட்டு எம்.பி.ஏ. சேர்ந்தவள். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் பயப்படாத கை. இந்த ஆய்வேட்டைக் காப்பாற்றியது அந்தக் கைதான் என்று பின்னால் புரிந்தது.

கம்பெனியில் அனுமதி வாங்கித் தந்தது அவளுடைய மாமா. அங்கே ஹெச்.ஆரில் இருந்தவர் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: “ஆப்சென்ட்தாம்மா எங்க தலவலி. திங்கட்கிழமையானா வரமாட்டாங்க. ஞாயித்துக்கிழம பிரியாணி இறங்குறதுக்கே மறுநாள் மத்தியானம் ஆயிடும். அப்புறம் கல்யாணம், காது குத்து, திருவிழா. இத எப்டிக் கொறைக்கறதுன்னு சொல்லு, போதும்.”

கேள்வித்தாள் கவிழ்ந்த விதம்

நான் கொடுத்த முதல் யோசனை எல்லா வழிகாட்டியும் கொடுப்பதுதான். வேலைத் திருப்திக்கு ஏற்கனவே இருக்கிற ஓர் அளவுகோலை எடு, தமிழில் மாற்று, ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போடு, திருப்தி குறைந்தவர்கள் அதிகம் லீவு போடுகிறார்களா என்று பார். ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வைத்த ஐந்து கட்டம், தொண்ணூறு வருடம் கழித்தும் ஆம்பூர் கேன்டீன் வரைக்கும் வந்து நிற்கிறது.

எத்தனை பேர் என்று கேட்டாள். “சீனியர்ஸ் எல்லாம் 120 போட்டிருக்காங்க மேடம்.” நான் தாரோ யமானேயின் சூத்திரத்தைப் போட்டுக் காட்டினேன். கம்பெனியில் சுமார் 1,200 பேர், ஐந்து சதவீதப் பிழை. 1,200-ஐ 0.0025-ஆல் பெருக்கினால் 3, ஒன்றைக் கூட்டினால் 4, 1,200-ஐ 4-ஆல் வகுத்தால் 300. கணக்கு அழகாக வந்தது, இரண்டு பேருக்கும் சந்தோஷம். அந்தச் சூத்திரம் குலுக்கிப்போட்டு ஆள் எடுக்கும்போதுதான் பொருந்தும், கேன்டீனில் கைக்குக் கிடைத்தவரிடம் தாளை நீட்டினால் 300 ஆனாலும் 3,000 ஆனாலும் அதற்கு அர்த்தமில்லை என்பதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. அனுமதி கிடைத்ததே பெரிசு என்ற நினைப்பு.

முதல் 86 தாள்கள் வந்தன. மதிய சாப்பாட்டு நேரம், நாற்பது நிமிடம். டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு தாளை வாங்குகிறார்கள். ரெண்டு டேபிள் தள்ளி சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவள் தாள்களை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி க்ரான்பாக் ஆல்ஃபா பார்த்தாள், பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிற எண் அது. 0.93. ‘0.7 வந்தாலே போதும்’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற நான், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் தாள்களை நேரில் பார்த்தபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. பல தாள்களில் டிக்குகள் ஒரே கட்டத்தில், மேலிருந்து கீழாக, ரவிக்கைக்கு ஓரம் அடித்த மாதிரி நேர்கோடு. ஏழாவது வாக்கியம் ‘இங்கே எனக்கு மரியாதை கிடைக்கிறது’, ஒத்துக்கொள்கிறேன். பதினோராவது ‘இந்த வேலையை விட்டுவிடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது’, அதுவும் ஒத்துக்கொள்கிறேன். எதிர்மறையாக எழுதிய நாலு வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட (ஐந்தை ஒன்றாக, ஒன்றை ஐந்தாக) அவள் மறந்திருந்தாள். திருப்பிப் போட்டதும் ஆல்ஃபா 0.6-க்குக் கீழே போய்விட்டது. அதாவது அந்த 0.93 நம்பகத்தன்மையை அளக்கவில்லை, யோசிக்காமல் டிக் அடித்த பழக்கத்தை அளந்திருக்கிறது. ஆல்ஃபாவைப் பார்த்துக் குதிக்கிற மாணவர்களுக்கு இப்போது இந்த 86 தாள்களைத்தான் காட்டுகிறேன்.

அதே வாரத்தில் இன்னொரு இடி. இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களின் முதல் வரைவை, மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற மென்பொருளில் போட்டோம், 46 சதவீதம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரைதான் தண்டனையில்லை. 40-ஐத் தாண்டி 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக்கூடச் சமர்ப்பிக்க முடியாது. “நானே எழுதினது மேடம்” என்றாள். எனக்கு மென்பொருளே தேவைப்படவில்லை. தொழில் அறிமுகத்தில் ‘வேலூர் மாவட்டத்தின் ஆம்பூர்’ என்று இருந்தது. 2019 நவம்பரிலேயே திருப்பத்தூர் தனி மாவட்டமாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் அந்தப் பக்கம் போய்விட்டன. தினமும் ரயிலில் அந்த ஊருக்குப் போய்வருகிற பெண் அப்படி எழுத மாட்டாள், பழைய ஆய்வேட்டிலிருந்து எடுக்கிறவர்தான் எழுதுவார். எங்கள் பெரியவர்கள் இன்னமும் ‘நார்த் ஆற்காடு’ என்கிறார்கள், அது வேறு விஷயம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ராஜெக்ட் சென்டரில் 300 ரூபாய்க்கு வாங்கிய பென்டிரைவ் அது என்று பிறகு சொன்னாள். நான் கத்தவில்லை. ஆறு வருடமாக அதே மாதிரி தலைப்புகளுக்குக் கையெழுத்துப் போட்டுவந்தவளுக்கு அந்தக் கடையைத் திட்ட என்ன யோக்கியதை?

மஸ்டர்

பிப்ரவரி இரண்டாவது வாரம். கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை. ‘வராதவர்களைப் பற்றி, வந்தவர்களிடம் கேன்டீனில் வைத்துக் கேட்டால் என்ன தெரியும்?’ என்று அவளே ஒருநாள் கேட்டாள். வராத நாளின் பதிவு டைம் ஆபீஸில் இருக்குமே என்றேன். கைரேகை மெஷின் வைத்திருந்தார்கள், ஆனாலும் சம்பளம் போடுவது மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டை, பார்த்துத்தான்.

போனை வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், படம் எடுக்க வழியில்லை. லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு டைம் ஆபீஸில் போய் உட்கார்ந்தாள். க்ளோசிங்கில் இரண்டு லைன், 180 பெண்கள், 2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம். வந்த நாளையெல்லாம் எழுதினால் ஆயுள் போதாது. சிவப்பு மையில் ‘ஏ’ (ஆப்சென்ட்) விழுந்த கட்டங்களை மட்டும் எழுதினாள்: டோக்கன் நம்பர் (ஆளுக்கொரு கம்பெனி எண்), தேதி. டைம் ஆபீஸ் கிளார்க் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, “இன்னாம்மா, எம்.பி.ஏ.ல இதுதான் சொல்லிக் குடுக்கறாங்களா? இத நான் முப்பது வருசமா பண்றேன்” என்றாராம். ஆறு நாள் ஆயிற்று. நாலாவது நாளிலிருந்து அவரே ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

முதலில் வழக்கமான கணக்குகளைப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு பெண்ணும் மூன்று மாதத்தில் எத்தனை நாள் வரவில்லை, அதற்கும் வயதுக்கும் சம்பந்தம் உண்டா, கல்யாணம் ஆனவரா, எத்தனை வருட சர்வீஸ். கை-ஸ்கொயர் எதிலும் ஒன்றும் தேறவில்லை. ஏறக்குறைய எல்லார் எண்ணிக்கையும் ஒரே அளவில்தான் இருந்தது. “ஒண்ணுமே இல்லையே மேடம், கம்பெனியிலயே ஆப்சென்டிசம் இல்லன்னு எழுதிடலாமா?” என்றாள், பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக.

பிறகு ஆளை விட்டுவிட்டுக் கிழமையைப் பார்த்தோம். திங்கட்கிழமை ஏறியிருந்தது. ஹெச்.ஆர். சொன்னது பொய்யில்லை. ஆனால் செவ்வாயும் லேசாகத் தூக்கியிருந்தது. அதைக் கண்டதும் நம்பிவிடவில்லை. நம்ப வைக்கிற மாதிரி காரணங்கள் வரிசையாக இருந்தன. 2022-இல் ஆயுத பூஜை செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு லீவு. தீபாவளி திங்கள், மறுநாள் செவ்வாயன்று பாதிக் கம்பெனி காலி. திருவண்ணாமலை தீபம் டிசம்பர் 6, அதுவும் செவ்வாய். எங்கள் பக்கத்தில் தீபத்துக்கு மலை சுற்றப் போகாத வீடு கம்மி. மூன்றையும் எடுத்துவிட்டால் மீதி பத்துச் செவ்வாய். அதற்குப் பிறகும் அந்தத் தூக்கல் போகவில்லை.

அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஊர் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டது அவள்தான். மஸ்டரில் ஊர் கிடையாது, டோக்கனும் டிபார்ட்மென்ட்டும்தான். ஊர் இருக்கிற தாள் வேறு இடத்தில் இருந்தது, வாசலில் வண்டி வரவு எழுதுகிற செக்யூரிட்டியின் மேஜையில். எந்த வண்டியில் எந்த டோக்கன் என்ற லிஸ்ட். டைம் ஆபீஸ் நோட்டும் வாசல் லிஸ்ட்டும் ஒரே கட்டடத்தில், ஐம்பது அடி இடைவெளியில், எத்தனையோ வருடமாக ஒன்றையொன்று பார்க்காமல் இருந்திருக்கின்றன. டோக்கன் நம்பரை வைத்து எக்செல்லில் வி-லுக்அப் போட்டு இரண்டையும் இணைத்தாள்.

ஒன்பது வண்டி. எட்டு வண்டியில் செவ்வாய்க்கிழமை மற்ற நாள் மாதிரியே இருந்தது. ஆறாம் நம்பர் வண்டியில் மட்டும், அந்த இரண்டு லைன்களுக்கு வருகிற 22 பெண்களில் மற்ற நாட்களில் ஒருத்தரோ இரண்டு பேரோ வரவில்லை என்றால், செவ்வாயன்று நாலு, ஐந்து. பத்தில் ஒன்பது செவ்வாய் அப்படி. அதைவிட வேடிக்கை, அந்த நாலைந்து பேர் வாராவாரம் ஒரே ஆட்கள் இல்லை. டோக்கன் நம்பர்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரே ஒரு டோக்கன் மட்டும் எல்லாச் செவ்வாயும்.

ஆளுக்கு ஆள் கூட்டிப் பார்த்தால் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. முறை வைத்துக்கொண்டு லீவு போடுகிறவர்களை ஆள்கணக்கு காட்டிக்கொடுக்காது. எந்த அலகில் அளக்கிறோம் என்பதைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவேன். எனக்கே அது உறைத்தது அந்த எக்செல் தாளில்தான்.

ஆறாம் நம்பர் வண்டி

பேர்ணாம்பட்டில் அவளுடைய சித்தி வீடு. திங்கட்கிழமை ராத்திரி அங்கே தங்கி, செவ்வாய் விடியற்காலை அந்த வழித்தடத்தின் முதல் நிறுத்தத்துக்குப் போனாள். ஹெச்.ஆரிடம் கேட்டுத்தான் போனாள். ஓட்டுநர் அண்ணன் முன் சீட்டில் இடம் கொடுத்தார்.

மூன்றாவது நிறுத்தத்துக்கு வண்டி வந்தபோது மணி ஏழு பத்து. எட்டுப் பேர் ஏறினார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவுமில்லை. “இன்னிக்கி செவ்வாயி, அவ்ளோதான் வருவாங்க” என்று கியரைப் போட்டார். வேப்பமரத்தடியில், கோயில் திண்ணையை ஒட்டி, பாய் விரித்து இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டீ-ஷர்ட் போட்ட பையன், தோளில் பை, பக்கத்தில் பைக். ஆளுக்கொரு பாஸ்புக். ஒருத்தர் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மடியில் குழந்தை. இரண்டு பேர் கம்பெனி ஐ.டி. கார்டைக் கழுத்தில் போட்டபடியே இருந்தார்கள், முடிந்தால் ஓடிவந்து ஏறிவிடலாம் என்று. வண்டி கிளம்பியதும் அதில் ஒருத்தர் கார்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

குழு லோன். வாரத் தவணை. ஏழு மணிக்கு மீட்டிங்.

அன்றைக்கு மத்தியானம் போனில் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “மேடம், எங்கம்மாவும் குழுவுல இருக்காங்க. புதன்கிழமை மீட்டிங். அன்னிக்கி வீட்ல காலைல சோறு ஆகாது, பழையதுதான். எனக்கு இது சின்ன வயசுலேந்து தெரியும். ஆனா இது ஆப்சென்டிசத்துக்குள்ள வரும்னு எனக்குத் தோணவே இல்ல. புஸ்தகத்துல எங்கயும் இல்லியே.”

உண்மைதான். நான் கொடுத்த பாடப்புத்தகப் பட்டியலில் வேலைத் திருப்தி இருந்தது, மேலாளர் உறவு, உடல்நலம், குடிப்பழக்கம், தூரம் எல்லாம் இருந்தன. வேப்பமரம் இல்லை. அவள் வீட்டில் தெரிந்ததைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள், செக்யூரிட்டியிடம் போன் கொடுக்கிற மாதிரி.

மீதி விவரம் அடுத்த இரண்டு வாரத்தில், அந்தப் பெண்களிடம் சாயங்காலம் வீட்டில் பேசியபோது வந்தது. கேள்வித்தாள் இல்லை. அடமானம் இல்லாத கடன், குழுவில் ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்குத் தருகிற இந்த மாதிரிக் கடன்களுக்கு 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தது, மாதத் தவணையெல்லாம் சேர்த்துக் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று. மீட்டிங் எத்தனை மணிக்கு வைக்கலாம் என்பது குழுவுக்கும் வசூலுக்கு வருகிறவருக்கும் உள்ள ஏற்பாடு. அவருக்கு அதே காலையில் நாலு ஊர். எல்லாரும் உட்கார வேண்டியதில்லை என்று இவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கம்பெனிக்குப் போகிறவர்களில் வாரத்துக்கு நாலு பேர் முறை வைத்து உட்காருவது, மற்றவர்களுடைய தவணையையும் அவர்கள் கட்டுவது. குழுத் தலைவிக்கு மட்டும் முறை கிடையாது. எல்லா வாரமும் உட்கார வேண்டும். எல்லாச் செவ்வாயும் ‘ஏ’ விழுந்த அந்த ஒரு டோக்கன் அவருடையது.

மீட்டிங் முடிய ஏழே முக்கால். டவுன் பஸ் பிடித்து வந்தால் ஒன்பதுக்குக் கம்பெனி வாசலில் நிற்கலாம். ஆனால் எட்டு நாற்பதுக்குக் கேட் மூடிவிடும். மத்தியானத்துக்கு மேல் அரை நாள் வரலாம் என்று விதி இருக்கிறது. பஸ் காசும் மூன்று மணி நேரக் காத்திருப்பும் போட்டுப் பார்த்து யாரும் வருவதில்லை. “இருவது நிமிசம்தான் கண்ணு. அந்த இருவது நிமிசத்துக்கு ஒரு நாள் சம்பளம் போவுது” என்றார் ஒருத்தர்.

இந்த வாக்கியத்தில்தான் ஆய்வேடு திரும்பியது. கம்பெனி எட்டு மாதமாகக் குறைக்கப் பார்த்துக்கொண்டிருந்த ‘வராமை’யில் ஒரு பகுதி உண்மையில் ‘தாமதம்’. கேட் அதை வராமையாக மாற்றி மஸ்டருக்கு அனுப்புகிறது. சிவப்பு மை இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறது.

லிஸ்ட் கேட்டார்கள்

மார்ச் கடைசியில் கண்டதை ஹெச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொன்னாள். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “இத ஏம்மா யாரும் எங்கிட்ட சொல்லல?” பிறகு, கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல்: “எந்த ஊர், யார் யாருன்னு லிஸ்ட் குடு. கூப்ட்டுப் பேசிடறேன்.”

ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. பின்னால் ஜோலார்பேட்டை வண்டி அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. “குடுக்கலாமா மேடம்?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் தந்த மஸ்டர், அவர் தந்த அனுமதி. இன்னும் பத்து நாளில் அவர் தர வேண்டிய கம்பெனி சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. மறுபக்கம், பீடி சுற்றுகிறவர் மகள் என்று தெரிந்ததால் வீட்டுக்குள் உட்காரவைத்து கடன் கணக்கைச் சொன்ன பெண்கள். ‘கூப்பிட்டுப் பேசுவது’ என்றால் கம்பெனியில் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த மாதம் தாஜா, அடுத்த மாதம் மெமோ. நாங்கள் ஒப்புதல் படிவமெல்லாம் வாங்கியிருந்தோம், ஆனால் அது 86 கேள்வித்தாளுக்குத்தான். சாயங்காலப் பேச்சுக்கு யாரிடமும் எதையும் எழுதி வாங்கவில்லை. வாய்வார்த்தையாக ‘பேரு வராதுக்கா’ என்று சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டோம்.

வண்டி நம்பரைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரி. அதனால் ஆய்வேட்டில் வழித்தடங்களுக்கு அ, ஆ, இ என்று எழுத்து கொடுத்தாள், எந்த எழுத்து எந்த வண்டி என்பதை விட்டுவிட்டாள். கிழமையையும் எடுத்துவிட்டு ‘வாரத்தின் ஒரு குறிப்பிட்ட நாள்’ என்று எழுதினாள். பரிந்துரை எல்லா வழித்தடத்துக்கும் பொதுவாக: ஒரு மாதம் சோதனையாக, கேட்டை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்து, வராத நேரத்துக்கு மட்டும் சம்பளத்தைப் பிடித்து, அந்த மாத மஸ்டரை முந்தைய மாதத்தோடு ஒப்பிட வேண்டும். எனக்கு இதில் ஒரு குறை உண்டு, இன்றும் உண்டு. விவரத்தை இவ்வளவு மழுக்கினால் படிக்கிறவனுக்குக் கண்டுபிடிப்பின் கூர்மை போய்விடுகிறது. வேறு வழி தெரியவில்லை.

ஹெச்.ஆர். முகம் சுளித்தார். “இவ்ளோ ஹெல்ப் பண்ணேன், எனக்கே மறைக்கறியா?” என்றார். சான்றிதழ் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தது. சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், டைம் ஆபீஸ் பெரியவர் கவரில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தார். யார் கொடுக்கச் சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வைவா (வாய்மொழித் தேர்வு), அதற்குப் பிறகு

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். “கருதுகோள் எங்கே? லிக்கர்ட் ஸ்கேல் எங்கே? சாம்பிள் 180, எந்தச் சூத்திரம்?” இரண்டு லைனையும் முழுசாக எடுத்தேன், சாம்பிளே இல்லை, என்றாள். அதை அவர் ரசிக்கவில்லை. பிற்சேர்க்கையில் வைத்திருந்த 86 தாள் கதையையும் ஆல்ஃபா விழுந்ததையும் மட்டும் ரொம்ப நேரம் படித்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார். அவள் வகுப்பில் 120 பேர், நேர்க்கோட்டு டிக், வண்ண வண்ண வரைபடம் என்று போனவர்கள் அவளைவிட அதிக மதிப்பெண் வாங்கினார்கள். இதை எழுதாமல் விட்டால் இந்த நிகழ்வு ஆய்வு பொய்யாகிவிடும்.

கம்பெனி கேட்டை மாற்றவில்லை. நான் கேள்விப்பட்டவரை இன்றும் எட்டு நாற்பதுதான்.

ஜூன் மாதம் மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது இன்னொன்று சொன்னாள். பரீட்சை முடிந்து சித்தி வீட்டுக்குப் போனவள், குழுத் தலைவி அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறாள். அவருடைய சொந்த ‘ஏ’க்களை, அவருக்கே, ஒரு தாளில் போட்டுக் காட்டினாள். வருடத்தில் ஞாயிறு 52. தமிழ்நாட்டில் சட்டப்படி தேசிய, பண்டிகை விடுமுறை 9. மிச்சம் வேலை நாள் 304. எல்லாச் செவ்வாயும் போனால் 252. அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் அடுத்த வருடம் இருபது நாளுக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு லீவு. கிராஜுவிட்டிக்கும் (பணிக்கொடை) அதே 240. கையில் இருப்பது 12 நாள். ஒரு ஜுரம், ஒரு சாவு, ஒரு கல்யாணம் வந்தால் தீர்ந்தது. போன வருடம் அவருக்கு லீவுச் சம்பளம் ஏன் வரவில்லை என்று அவருக்கு அதுவரை தெரியாது. கம்பெனியில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த மீட்டிங்கில் அந்தத் தாளை வசூல் தம்பியின் முன்னால் வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னாராம். ஞாயிறு எனக்கும் லீவுக்கா என்றிருக்கிறான் அவன். கொஞ்ச நேரம் பேரம் நடந்து, கடைசியில் செவ்வாயே இருக்கட்டும், ஏழுக்குப் பதில் ஆறு மணி என்று முடிவாயிற்று. மழைக்காலத்தில் இருட்டாக இருக்குமே என்று யாரோ கேட்டதற்கு, கோயில் லைட் எரியும் என்றாராம் தலைவி.

ஆய்வேடு அதற்கு முன்பே பைண்டிங் ஆகிவிட்டது. நூலகத்து பீரோவில் இருக்கிற பிரதியில் ஆறு மணி மீட்டிங் இல்லை. என் மேஜையில் இருக்கிற பிரதியின் கடைசி வெள்ளைப் பக்கத்தில், பென்சிலால், அவள் கையெழுத்தில் இருக்கிறது.